சனிக்கிழமைகளில் எடுத்த படம்: நோலனின் ‘ஃபாலோயிங்’

‘நோலன் தன் முதல் படத்தை வெறும் 6000 டாலரில் எடுத்தார்.’ இந்த வாக்கியத்தை இரண்டு இடங்களில் கேட்டிருக்கிறேன். முதல் தடவை கல்லூரி விடுதியில். 2010, ‘இன்செப்ஷன்’ வந்திருந்த சமயம். எங்கள் தளத்தில் யாருடைய நோட்டைப் புரட்டினாலும் கடைசிப் பக்கத்தில் கனவுக்குள் கனவை அம்புக்குறி போட்டு வரைந்திருப்பார்கள். சீனியர் ஒருவர் ஹார்ட் டிஸ்க்கை நீட்டி, “டேய், இது அந்தாளோட முதல் படம். ஆறாயிரம் டாலர்தான். நம்ம ஃப்ளோரோட மெஸ் பில்லைச் சேர்த்தா நாமளே எடுத்துரலாம்” என்றார்.

இரண்டாவது தடவை அலுவலகத்தில். மூன்று பேர் பார்க்கவேண்டிய வேலையை இனி ஒருவர் பார்க்கவேண்டும் என்பதை நாசூக்காக அறிவிக்கும் கூட்டம். திரையில் ஒரு ஸ்லைடு. நோலனின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம், பக்கத்தில் கொட்டை எழுத்தில் 6000 டாலர். வசதி குறையக் குறையத்தான் படைப்பூக்கம் பெருகும் என்ற பொருளில் கீழே ஒரு வரி. இரண்டு வாரம் கழித்து எங்கள் அணியில் டெஸ்டிங் பார்த்துக்கொண்டிருந்த இருவரை வேறு பிராஜெக்டுக்குத் தூக்கிவிட்டார்கள். அவர்கள் இடத்துக்கு யாரும் வரவில்லை.

அந்த எரிச்சலில்தான் ‘ஃபாலோயிங்’கை மறுபடி பார்த்தேன். பத்து வருடத்துக்கு மேல் இடைவெளி. விடுதியில் பார்த்தபோது அது எனக்கு ஒரு புதிர். முடிச்சை அவிழ்த்தாயிற்றா, படம் முடிந்தது, அடுத்த படத்தைப் போடு. இந்தத் தடவை முடிச்சு முன்பே தெரிந்திருந்ததால் ஆட்களைப் பார்க்க முடிந்தது. நோலனின் பிற்காலப் படங்கள் எந்த மாதிரி ஆளைக் கொண்டாடுகின்றனவோ, அதே மாதிரி ஆளைத்தான் இந்தச் சின்னப் படம் கண்டு பயப்படுகிறது என்று தோன்றியது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன். முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம். 70 நிமிடம்கூட இல்லை.

*

முதலில் அந்த 6000 டாலர் கணக்கை முடித்துவிடுவோம்.

நோலன் சினிமாப் பள்ளி எதிலும் படித்தவர் இல்லை. யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் ஆங்கில இலக்கியம் படித்தார். அங்கிருந்த திரைப்படச் சங்கத்தின் கேமராக்களில் தொழிலைப் பழகினார். படிப்பு முடிந்ததும் நிறுவனங்களுக்கு வீடியோ எடுத்துக் கொடுத்துப் பிழைப்பு ஓட்டினார். ‘ஃபாலோயிங்’கில் வேலை செய்த எல்லோரும் வாரம் முழுக்க வேறு வேலைக்குப் போகிறவர்கள். அதனால் படப்பிடிப்பு சனிக்கிழமைகளில் மட்டும். ஒரு சனிக்கிழமைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடக்கூடிய பிலிம். இப்படியே ஏறக்குறைய ஒரு வருடம் போனது. 16 எம்.எம். கறுப்பு வெள்ளைப் பிலிம்தான் இருந்ததிலேயே பெரிய செலவு. அதைத் தன் சம்பளத்திலிருந்து வாங்கினார். பிலிம் வீணாகக் கூடாது என்பதற்காக, நாடகத்துக்குச் செய்வதுபோல முன்கூட்டியே ஒத்திகை பார்த்து ஒன்றிரண்டு டேக்கில் முடித்தார்கள். விளக்கு வாடகைக்கு எடுக்கக் காசில்லை, கிடைத்த வெளிச்சத்தில் எடுத்தார்கள். ஒளிப்பதிவும் நோலனே. வீடுகள் குடும்பத்தாருடையவை, நண்பர்களுடையவை. போலீஸ்காரராக வருபவர் அப்பாவின் சகோதரர் ஜான் நோலன். கதாநாயகன் ஜெரமி தியோபால்டே தயாரிப்பாளர்களில் ஒருவர். இன்னொரு தயாரிப்பாளர் எம்மா தாமஸ், நோலனின் துணைவி.

இதில் எதற்காவது பில் இருக்கிறதா? எங்கள் தொழிலில் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை ‘ஃப்ரீ’ என்போம். எங்கோ ஒருவர் தன் ஞாயிற்றுக்கிழமையை அதில் போட்டிருப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை நம் கணக்குப் புத்தகத்தில் ஏறாது. 6000 டாலர் என்பது பிலிமுக்கும் லேபுக்கும் ஆன காசு. ஒரு வருடத்துச் சனிக்கிழமைகள், லண்டனில் வீடு வைத்திருக்கும் பெற்றோர், நடிகரான உறவினர், அழைத்தால் வருகிற கல்லூரி நண்பர்கள் எல்லாம் அதற்கு வெளியே இருக்கின்றன. இதற்காக நோலனைக் குறைசொல்ல மாட்டேன். இவற்றை எல்லாம் அவர் எங்கும் மறைத்ததில்லை. ஸ்லைடு போடுகிறவர்கள்தான் மறைக்கிறார்கள்.

நாங்களும் முயன்றோம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், விடுதி நண்பர்கள் மூன்று பேர், கடனாக வாங்கிய ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமரா, சென்னையில் ஒரு மொட்டை மாடி. சனிக்கிழமை மட்டும் எடுப்பது, ஒத்திகை பார்த்துக்கொண்டு எடுப்பது எல்லாம் ‘ஃபாலோயிங்’ பாணிதான். முதல் சனிக்கிழமை நன்றாகப் போனது. இரண்டாவது சனிக்கிழமை மழை. மூன்றாவது சனிக்கிழமை ஒருவனுக்கு புரொடக்‌ஷன் ரிலீஸ். நான்காவது சனிக்கிழமை என்று ஒன்று வரவே இல்லை. பணம் இல்லாததால் அந்தப் படம் நிற்கவில்லை.

*

பணம் இல்லாததால் படத்தில் நேர்ந்தவை என்னென்ன, அவற்றை நோலன் என்ன செய்தார் என்பது இதைவிடச் சுவாரசியமானது.

கேமரா பெரும்பாலும் கையில் இருக்கிறது. உள்ளே நடக்கும் காட்சிகளில் ஆட்கள் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்கள். முகத்தில் ஒரு பாதி வெளிச்சம், மறுபாதி இருட்டு. பழைய கறுப்பு வெள்ளைக் குற்றப்படங்களில் இதற்காக மெனக்கெட்டு விளக்கு கட்டுவார்கள். இங்கே விளக்கு இல்லாததால் அது தானாக வந்துவிட்டது. தெருக்காட்சிகளில் நடந்துபோகிறவர்கள் காசு கொடுத்துக் கூட்டிவந்த கூட்டமாகத் தெரியவில்லை. அவரவர் வேலையாகப் போகிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு தோள்பட்டையைக் குறிவைத்துக் கேமரா நடக்கிறது. அந்நியர்களைப் பின்தொடரும் ஒருவனின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான படப்பிடிப்பு முறையைக் கோடி டாலர் கொடுத்தாலும் வாங்க முடியாது.

காலத்தை முன்னும் பின்னும் கலைத்து அடுக்குவது இங்கேயே தொடங்கிவிட்டது. நாயகனுக்கு மூன்று தோற்றங்கள். கலைந்த நீள முடியும் அழுக்குத் தாடியுமாக ஒன்று. முடி வெட்டி, சவரம் செய்து, கோட்டு போட்டு ஒன்று. கண் வீங்கி உதடு கிழிந்து ஒன்று. படம் இந்த மூன்றுக்கும் இடையில் சொல்லாமல் கொள்ளாமல் தாவுகிறது. எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்பதற்கு அவன் தலைமுடியைத்தான் பார்க்கவேண்டும். தேதி போடவில்லை.

விடுதியில் இதை வித்தை என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. தெருவில் ஒருவரைப் பின்தொடர்ந்தால் நமக்கு என்ன கிடைக்கும்? ஒரு கோட்டு, ஒரு பை, ஒரு திருப்பம், சாத்திக்கொள்ளும் ஒரு கதவு. அதற்கு முன்னாலும் தெரியாது, பின்னாலும் தெரியாது. துண்டுகளை வைத்துக்கொண்டு நாமாக ஒரு கதை கட்டுவோம். கட்டிய கதைமேல் நமக்கே நம்பிக்கை வந்துவிடும். படம் நம்மை அந்த நிலையில் வைக்கிறது. அவன் யாரையோ பின்தொடர, நாம் அவனைப் பின்தொடர்கிறோம். வீங்கிய முகத்தை முதலிலேயே பார்த்துவிடுவதால், கோட்டு போட்டுக்கொண்டு அவன் மிதப்பாகச் சிரிக்கும்போது நமக்கு வயிற்றைப் பிசைகிறது. ‘டன்கர்க்’கிலும் ‘டெனெட்’டிலும் காலம் ஒரு பெரிய எந்திரம். அது இயங்கும் அழகை நிமிர்ந்து பார்க்கிறோம். இங்கே காலம் ஒருவனின் முகத்தில் இருக்கிறது.

*

கதை இதுதான். பெயர் சொல்லப்படாத ஓர் இளைஞன். வேலை இல்லை. எழுத்தாளன் ஆகவேண்டும் என்று ஆசை. கதாபாத்திரங்களுக்குத் தீனி வேண்டும் என்று சொல்லிக்கொண்டு தெருவில் போகிறவர்களைப் பின்தொடர்கிறான். அதற்கு விதிகளும் வைத்திருக்கிறான். முக்கியமான விதி, ஒரே ஆளை இரண்டு தடவை பின்தொடரக் கூடாது. விதியை மீறுகிறான். அப்படி மீறிப் பின்தொடரப்பட்டவன் ஒருநாள் கஃபேயில் நேராக இவன் மேஜைக்கே வந்து உட்கார்ந்து, யார் நீ என்று கேட்கிறான்.

அவன்தான் காப். அலெக்ஸ் ஹா நடித்திருக்கிறார். நல்ல கோட்டு, நல்ல பேச்சு. திருடன். ஆனால் பணத்துக்காகத் திருடுவதில்லை என்கிறான். பிறர் வீட்டுக்குள் போய் அவர்களுடைய சாமான்களைத் தொட்டு, அவர்கள் யாரென்று ஊகித்து, அவர்களுடைய ஒயினைக் குடித்து, எதையாவது இடம் மாற்றி வைத்துவிட்டு வருவதுதான் அவனுக்குச் சுகம். ஒரு வீட்டில் எடுத்த பெண்ணின் உள்ளாடையை இன்னொரு வீட்டு ஆணின் கால்சட்டைப் பைக்குள் செருகிவிடுகிறான். அந்த வீட்டில் நாளை என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஒவ்வொருவரிடமும் ஒரு பெட்டி இருக்கும் என்பது அவன் தத்துவம். பழைய புகைப்படம், கடிதம், எதற்கென்று தெரியாத சின்னப் பொருட்கள். யாரோ பார்க்கவேண்டும் என்று உள்ளூர விரும்பித்தான் மனிதர்கள் அந்தப் பெட்டியை வைத்திருக்கிறார்கள் என்கிறான். இழந்தால்தான் இருந்ததன் அருமை தெரியும், அதை நான் அவர்களுக்குத் தெரியவைக்கிறேன் என்று தன் திருட்டுக்கு நியாயமும் வைத்திருக்கிறான்.

இளைஞன் சொக்கிப்போகிறான். நாமும்தான். எனக்குப் படத்தின் உயிர் இதற்குப் பிறகு வரும் ஒரு காட்சியில் இருக்கிறது. அடுத்து எந்த வீட்டுக்குப் போகலாம் என்பதை இளைஞன் தேர்ந்தெடுக்கும் முறை. அவன் காபைத் தன்னுடைய அறைக்கே கூட்டிப்போகிறான், யாரோ ஒருவரின் அறை என்று சொல்லி. காப் ஒரு சுற்றுப் பார்க்கிறான். தட்டச்சுப்பொறி இருக்கிறது. இங்கே இருக்கிறவனுக்கு வேலை இல்லை, எழுத்தாளன் ஆகும் கனவில் இருக்கிறான் என்று அலட்சியமாகச் சொல்லி, திருட ஒன்றும் இல்லாத இடம் என்று ஒதுக்குகிறான். இளைஞன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இவன் ஏன் இதைச் செய்தான்? தன்னையும் ஒருவர் அப்படிப் படிக்கவேண்டும், நீ சுவாரசியமானவன் என்று சொல்லவேண்டும் என்ற ஏக்கம். ஊரார் பெட்டியை எல்லாம் திறந்து பார்க்கிறவனுக்குத் தன்னிடம் பெட்டி ஏதாவது இருக்கிறதா என்ற சந்தேகம். இரண்டு நிமிடக் காட்சிதான். அதற்குப் பிறகுதான் அவன் முடியை வெட்டிக்கொண்டு காபைப்போலக் கோட்டு போட்டுக்கொள்கிறான் என்பதை நினைத்தால், தன்னைத் தானே துடைத்து அழித்த இடம் அதுதான்.

பிறகு நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர்கள் புகுந்த வீடுகளில் ஒன்றின் சொந்தக்காரியான பொன்னிற முடிப் பெண்ணோடு இளைஞனுக்குப் பழக்கமாகிறது. தன் படங்களை வைத்து ஒரு தாதா மிரட்டுவதாக அவள் சொல்ல, அவளுக்காகத் தனியாகத் திருடப் போகிறான். கையில் ஒரு சுத்தியல். வழியில் வந்த ஒருவனை அதனால் அடித்தும்விடுகிறான். அந்தப் படங்களில் ஒன்றும் இல்லை என்று தெரியும்போதுதான், காபும் அவளும் சேர்ந்து தன்னை ஆட்டிவைத்தது புரிகிறது. போலீசிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போகிறான். ஆனால் காபின் திட்டம் அதற்கும் அடியில் இன்னொரு அடுக்கு. காப் வேலை செய்வது அந்தத் தாதாவுக்காக. அந்தப் பெண்ணைத் தீர்த்துக்கட்டுவதுதான் அவனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. பழியைச் சுமக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. படம் முழுக்க இளைஞன் பெரியவர் ஒருவரிடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறான் அல்லவா? அவன் சொல்லும் ஒவ்வொரு வரியும் அவன் கழுத்துக்கான கயிறு. கடைசியில் காப் லண்டன் கூட்டத்தில் நடந்து, கரைந்து, இல்லாமல் போகிறான்.

*

இங்கே என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

ஒரு செயலியின் பயன்பாட்டுத் தரவைச் சேகரிக்கும் பகுதியை நானும் இன்னும் மூவரும் பார்த்துக்கொள்கிறோம். எந்தப் பட்டனை எத்தனை பேர் தொடுகிறார்கள், எந்தத் திரையோடு மூடிவிட்டுப் போகிறார்கள் என்பதெல்லாம். இதில் ‘செஷன் ரீப்ளே’ என்று ஒன்று உண்டு. ஒருவர் செயலியைத் திறந்ததிலிருந்து மூடுவதுவரை அவர் விரல் எங்கெங்கே போனது என்பதை வீடியோபோல ஓட்டிப் பார்க்கலாம். பெயர் தெரியாது, எண் தெரியாது, தட்டச்சு செய்தவை புள்ளிகளாக மறைந்திருக்கும். கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதற்கான வசதி அது.

அப்படி ஒரு கோளாறைத் தேடும்போது, இரவு இரண்டு மணிக்குச் செயலியைத் திறந்த ஒருவரின் பதிவு வந்தது. பணம் அனுப்பும் திரைக்கு வருகிறார். தொகையை இடுகிறார். ஐந்து புள்ளி. அழிக்கிறார். நாலு புள்ளி. அழிக்கிறார். மறுபடி ஐந்து. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மூன்று புள்ளி. கடைசியில் எதுவும் அனுப்பாமல் மூடிவிட்டார். கோளாறு அங்கே இல்லை. ஒரு தடவை பார்த்தாலே டிக்கெட்டை மூடிவிடலாம். நான் நாலு தடவை பார்த்தேன். வாடகையா, தவணையா, ஊருக்கு அனுப்பும் காசா? ஒரு சிறுகதைக்கு ஆகும் என்று குறித்தும் வைத்துக்கொண்டேன்.

‘ஃபாலோயிங்’ இளைஞன் சொல்வதும் இதே காரணம்தான். எழுதத்தான் பார்க்கிறேன், யாருக்கும் தொந்தரவு இல்லையே.

அடுத்த மாதம் ஒரு கூட்டம். பணம் அனுப்பத் தயங்குகிறவர்களுக்கு எந்த நொடியில் கடன் விளம்பரத்தைக் காட்டினால் தட்டுவார்கள் என்பது பேச்சு. திரையில் ஓடியது நான் தயாரித்த வரைபடம். யார் எத்தனை நொடி தயங்குகிறார்கள் என்பதன் வரைபடம். நான் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. அச்சு நிறங்கள் சரியாகத் தெரிகின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சும்மா பார்க்கிறவன் என்று ஒருவன் கிடையாது என்பதுதான் இந்தப் படம் எனக்குச் சொன்னது. பார்க்கிறவனைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொருவன் எப்போதும் இருக்கிறான், அவனிடம் ஒரு திட்டமும் இருக்கிறது. இதே 90களில் நோலன் ‘டூடுல்பக்’ (1997) என்று மூன்று நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தார். அதிலும் தியோபால்ட்தான். ஒருவன் அறைக்குள் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு எதோ பூச்சியைத் துரத்துகிறான். அடிக்கும்போது பார்த்தால் அது அவனே, குட்டி உருவத்தில். அவன் அதை நசுக்கிய மறுகணம் அவனுக்குப் பின்னால் இன்னும் பெரிய அவன், கையில் ஷூவோடு. அந்த மூன்று நிமிடத்தை விரித்தால் ‘ஃபாலோயிங்’ வரும்.

*

இப்போது காபுக்கு வருகிறேன். நோலனின் அடுத்தடுத்த படங்களில் அவனுக்கு என்ன ஆகிறது?

‘மெமென்டோ’ (2000)வில் திட்டமிடுகிறவனும் ஏமாறுகிறவனும் ஒரே உடம்பில் இருக்கிறார்கள். லெனார்ட் தனக்கு மறந்துவிடும் என்று தெரிந்தே தனக்கான பொய்யை எழுதிவைக்கிறான். ‘ஃபாலோயிங்’கின் பயம் அங்கே இன்னும் இருக்கிறது, உள்ளுக்குள் போய்விட்டது. ‘த பிரெஸ்டீஜ்’ (2006) மந்திரவாதிகளின் கதை. வித்தைக்கு யார் பலி என்று கேட்கும் குரல் அதில் உண்டு. ‘த டார்க் நைட்’ (2008)டில் பேட்மேன் நகரத்தின் எல்லாத் தொலைபேசிகளையும் ஒட்டுக்கேட்கும் கருவியாக்குகிறான். லூசியஸ் ஃபாக்ஸ் முகம் சுளிக்கிறார், இது இருந்தால் நான் இருக்க மாட்டேன் என்கிறார். ஆனால் இயக்கிக் கொடுக்கிறார். வேலை முடிந்ததும் கருவி அழிகிறது, பார்வையாளருக்கும் நிம்மதி. ஒரே ஒருவனைப் பின்தொடர்ந்ததற்கு 1998இல் தண்டனை உண்டு. பத்து வருடம் கழித்து ஒரு நகரத்தையே பின்தொடர்ந்தால், நல்லவன் செய்தால் சரி என்றாகிவிட்டது.

பிறகு ‘இன்செப்ஷன்’. நாயகனின் பெயரே காப். இதுவும் திருடன், இதுவும் நல்ல கோட்டு, இதுவும் அடுத்தவர் அந்தரங்கத்துக்குள் ஆள் கூட்டிப்போகிற தொழில். பெட்டி இங்கே இரும்புப் பெட்டகமாகிவிட்டது. இவனிடம் ஏமாறுகிறவன் ராபர்ட் ஃபிஷர். வியாபாரப் போட்டியாளர் ஒருவருக்காக, இறந்துபோன அப்பாவின்மேல் அவனுக்கு இருக்கும் துக்கத்தைக் கருவியாக வைத்து, அவன் மனதில் ஓர் எண்ணத்தை நடுகிறார்கள். பெட்டகத்தைத் திறக்கிறான். உள்ளே சின்ன வயதில் அவன் வைத்திருந்த காகிதக் காற்றாடி. அழுகிறான். விடுதியில் நானும் கண் கலங்கினேன். அது உண்மையான சமாதானம் இல்லை, இவர்கள் கட்டிய செட். அதை யாரும் அவனிடம் கடைசிவரை சொல்வதில்லை. விமான நிலையத்தில் அவன் தன் வழியே போக, காப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்கிறானா, பம்பரம் நிற்குமா என்பதே நம் கவலை. பதினைந்து வருடமாக அந்தப் பம்பரத்தைப் பற்றி விவாதித்திருக்கிறோம். ஃபிஷரைப் பற்றி ஓர் இரவுகூட நாங்கள் பேசியதில்லை.

‘ஃபாலோயிங்’, ஃபிஷரின் பக்கத்திலிருந்து எடுத்த ‘இன்செப்ஷன்’. 6000 டாலர் வைத்திருந்த நோலன் ஏமாந்தவனோடு நின்றார். கோடிக்கணக்கில் கையாளத் தொடங்கியவர் திட்டமிடுகிறவனோடு போய்ச் சேர்ந்தார். இதைத் துரோகம் என்று சொல்வது எளிது. நூற்றுக்கணக்கான ஆட்களை, விமானங்களை, பனிமலைகளை நாள் கணக்கு தவறாமல் நகர்த்துகிறவருக்குத் திட்டமிடுகிறவனின் தனிமை புரிவது இயல்புதான். ‘இன்டர்ஸ்டெல்லர்’ (2014)ரில் புத்தக அலமாரிக்குப் பின்னால் நின்று மகளைப் பார்த்து ஏங்கும் கூப்பர், அந்தப் பழைய பின்தொடர்கிறவனின் ஏக்கத்தை ஒருதரம் திருப்பிக் கொண்டுவரத்தான் செய்தான். ஆனால் மொத்தத்தில் கை மாறிவிட்டது. ஜெரமி தியோபால்ட் ‘பேட்மேன் பிகின்ஸ்’ (2005)ஸில் கோத்தம் குடிநீர் வாரிய ஊழியராகச் சில நொடிகள் வந்துபோகிறார். காப் என்ற பெயர் லியொனார்டோ டிகாப்ரியோவுக்குப் போனது.

*

படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் முடியாது. வசனம் சில இடங்களில் ஒத்திகை வாசனை அடிக்கிறது. லூசி ரஸ்ஸல் நடித்த பாத்திரத்துக்கு நடிகர் பட்டியலில்கூடப் பெயர் இல்லை, ‘பொன்னிற முடிப் பெண்’. ஆண்கள் ஆடும் ஆட்டத்தில் அவள் ஒரு காய். கடைசித் திருப்பத்துக்கு ஒரு பிணம் வேண்டும், அதற்காகச் சாகிறாள். ‘மெமென்டோ’, ‘த பிரெஸ்டீஜ்’, ‘த டார்க் நைட்’, ‘இன்செப்ஷன்’ என்று நாயகனின் துக்கத்துக்காகச் செத்துப்போகும் பெண்களின் வரிசை இங்கேதான் தொடங்குகிறது. இங்கே அந்தத் துக்கம்கூட இல்லை. இதைப் பணமின்மையில் சேர்க்க முடியாது.

இன்னொரு குறையும் உண்டு, அது இன்னும் ஆழமானது. மூன்றாவது அடுக்குத் திருப்பம் விழும்போது எல்லாம் கச்சிதமாகப் பூட்டிக்கொள்கிறது. அவ்வளவு கச்சிதம் எனக்கு உறுத்தியது. காபைப்போன்ற ஒருவனால் மட்டுமே அப்படித் திட்டம் போட முடியும். படம் இளைஞனுக்காக வருத்தப்பட்டுக்கொண்டே காபின் கையால் எழுதப்பட்டிருக்கிறது. சுத்தியலையும் பெட்டியையும் எங்கெங்கே வைக்கவேண்டும் என்று முன்கூட்டியே அறிந்த அந்த மூளை இயக்குநருடையதும்தான். பின்னால் நோலன் கட்சி மாறினார் என்று எழுதினேன். முதல் படத்திலேயே இரண்டு கட்சியிலும் இருந்தார் என்பதுதான் சரியாக இருக்கும். அன்று பயம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

*

‘ஃபாலோயிங்’ 1999இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. ‘ஓப்பன்ஹைமர்’ 2024இல் ஏழு ஆஸ்கர் வாங்கியது. செலவு சுமார் 10 கோடி டாலர், முதல் படத்தைப்போல ஏறக்குறைய 16,000 மடங்கு. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தபோது ஓர் ஒற்றுமை தெரிந்தது. ‘ஓப்பன்ஹைமர்’ படத்தின் முதுகெலும்பும் ஒரு சின்ன அறைதான். மேஜைக்கு அந்தப்பக்கம் கேள்வி கேட்கிறவர்கள், இந்தப்பக்கம் தன் வாழ்க்கையைக் காலம் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவன். அவனைப் பல வருடம் பின்தொடர்ந்து கோப்பு சேர்த்திருக்கிறார்கள். மனைவி பின்னால் உட்கார்ந்திருக்க, அவன் பெட்டியை அந்நியர்கள் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைக்கிறார்கள். தனக்குப் பின்னால் வேறொருவர் திட்டம் போட்டிருக்கிறார் என்பது அவனுக்கு மிகத் தாமதமாகத் தெரிகிறது. படத்தின் ஒரு பகுதி கறுப்பு வெள்ளை. அதற்காகவே ஐமேக்ஸ் கேமராவுக்குக் கறுப்பு வெள்ளைப் பிலிம் புதிதாகச் செய்யப்பட்டது. பிலிம்தான் பெரிய செலவாக இருந்த ஒருவர் கடைசியில் தனக்கென்று பிலிமையே செய்யவைத்துவிட்டார்.

திட்டமிடுகிறவர்களிலேயே பெரியவனைக் கூட்டிவந்து, இளைஞன் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் நோலன் உட்காரவைத்திருக்கிறார். 25 வருடம் சுற்றி அந்த அறைக்கே திரும்பியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஹிரோஷிமா மக்கள் அந்தப் படத்திலும் திரையில் இல்லை என்பது வேறு விஷயம். ஏமாந்தவர்களின் பக்கம் முழுதாகப் போய் நிற்பது அவருக்கு இன்றும் கைகூடவில்லை.

குறித்து வைத்திருந்த அந்தச் சிறுகதையை நான் எழுதவில்லை. இரண்டு முறை தொடங்கினேன். ஐந்து புள்ளி, நாலு புள்ளி என்பதற்கு மேல் எனக்கு அந்த மனிதரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதை அந்த ஃபைலிலேயே எழுதிவைத்திருக்கிறேன். கடன் விளம்பரம் இப்போது செயலியில் ஓடுகிறது. தயங்குகிறவர்களுக்கு மட்டும் வரும்.